ஓயாமலும் விடாமலும்

என் மருமகளுக்குத் தன் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று ஒருநாளும் நினைவிருக்காது. குளியலறை ஜன்னலில் இருக்கும், அரிசி டப்பா மேல் இருக்கும், ஒருமுறை ஃப்ரிட்ஜுக்குள் முட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. அப்படிப்பட்டவள் இரண்டு மொழியைத் தலைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றில் கேட்டதை மூச்சு விடுவதற்குள் இன்னொன்றில் சொல்லிச் சம்பாதிக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. நேரில் பார்த்த பிறகு வாயடைத்துப் போனேன். என் வாய் அடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் தையல்காரி. இங்கிலீஷ் பேசுகிற இந்த ஊருக்குப் பிழைக்க வந்து, வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டுப் பேன்ட்டுக்கு நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது என்று காலம் தள்ளியவள். என் மகன் டயர் கடையில் வேலை செய்கிறான். அவனாகப் பார்த்து, அவனாகப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்த பெண் இவள். இரண்டு பை துணியும், அட்டை கிழிந்த ஒரு தடி அகராதியும் கொண்டு வந்தாள். பாத்திரம் தேய்த்தால் அடியில் பிசுக்கு இருக்கும். துணி மடித்தால் நான் மறுபடி மடிக்க வேண்டும். "உனக்கு என்னதான்டி வரும்?" என்று கேட்டேன். "பேச வரும் அத்தை" என்றாள். அடடா, பெரிய வித்தைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் அவள் போனில்தான் மொழிபெயர்த்தாள். மருத்துவமனையில் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு நோயாளி, எதிரே ஆங்கிலம் பேசும் ஒரு டாக்டர், நடுவில் போனில் இவள். என் மெஷின் சத்தம் கேட்கக்கூடாது என்று துணி அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "வலி எங்க இருக்கு? படுத்தா அதிகமாகுதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அலமாரியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று எனக்குப் பகீரென்று ஆகும். வெளியே வரும்போது வியர்த்து விறுவிறுத்து, தலையில் கோட்டுப் பஞ்சு ஒட்டியிருக்க வருவாள். "யாருடி? பிழைச்சுக்குவாங்களா?" என்று கேட்டால் சொல்ல மாட்டாள். வேலையில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாதாம். எனக்கு அதில் கோபம்தான். வீட்டுக்குள்ளேயே ஒரு ஊர்க்கதை ஓடுகிறது, நமக்கு ஒரு வார்த்தை கிடையாது!

ஆங்கிலத்தில் சில சொற்கள் இரட்டைப் பிள்ளைகளைப் போல இருக்குமாம். தலை ஒன்று, வால்தான் வேறு. வாலை மாற்றிப் பிடித்தால் அர்த்தம் எங்கேயோ போய்விடும். அந்த ஜோடிகள் குழம்பாமல் இருக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். வீட்டில் இருக்கிற ஆளையெல்லாம் பிடித்து ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டிவிடுவாள். வெங்காயம் உரித்துக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் 'லூஸ்', 'டைட்', 'வெள்ளிக்கிழமை ரெடி', அவ்வளவுதான். ஆனாலும் காதில் விழுந்து விழுந்து எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

"எகனாமிக்னா நாட்டோட பொருளாதார சமாச்சாரம். எகனாமிகல்னா சிக்கனம். அது நீங்க, அத்தை. நூல்கண்டு மிச்சத்தைக்கூட எடுத்து வைப்பீங்க."

"சரி. அப்புறம்?"

"ரெஸ்பெக்டபிள்னா நாலு பேர் மதிக்கிறவர். நம்ம வீட்டு ஓனர். ரெஸ்பெக்ட்ஃபுல்னா அடுத்தவங்களை மதிக்கிறவர். வாடகை கேக்க வர்றப்ப அவர் அது இல்ல."

நான் சிரித்துவிட்டேன். அவள் விடவில்லை. "நெக்ளிஜென்ட்னா கவனமில்லாத ஆளு. அடுப்பை அணைக்காமப் போற உங்க பையன். நெக்ளிஜிபிள்னா கணக்குலயே சேர்க்கத் தேவையில்லாத அளவுக்குச் சின்ன விஷயம். அவர் இந்த வீட்டுல செய்யற வேலை."

உள்ளறையிலிருந்து என் மகன், "எனக்கு எல்லாம் கேக்குது" என்று கத்தினான்.

ஒரு ஜோடியை மட்டும் அவள் பாதியில் நிறுத்தினாள். "கன்டின்யுவஸ், கன்டின்யுவல். கன்டின்யுவஸ் நம்ம ஃப்ரிட்ஜ்" என்றாள். எங்கள் ஃப்ரிட்ஜ் கிழட்டு ஃப்ரிட்ஜ். உள்ளே ஏதோ பழுதாகி, மற்ற வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி நின்று நின்று ஓடாமல், ராவும் பகலும் ஒரே சீராக இரைந்துகொண்டே கிடக்கும். "இன்னொண்ணு யாரு?" என்று கேட்டேன். "அது அப்புறம் சொல்றேன் அத்தை" என்று வெங்காயத்தோலை அள்ளிக்கொண்டு குப்பைக்கூடைப் பக்கம் போய்விட்டாள். எனக்கு அது முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அப்படியென்ன சொல்லக்கூடாத ஆள்?

பிறகு தொழிலாளர் விசாரணை மன்றத்தில் அவளை எடுத்துக்கொண்டார்கள். வேலையில் அடிபட்டவர்கள், வேலையிலிருந்து துரத்தப்பட்டவர்கள் வந்து முறையிடுகிற இடம். அங்கே சொல்வது பதிவாகும், தீர்ப்பாகும். முதலில் பார்த்துவிட்டு, பிடித்தால்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்களாம். அந்தச் சமயத்தில் ஒருநாள் அவள் காலையில் அரக்கப்பரக்கக் கிளம்பிப் போனாள். போன பிறகு பார்த்தால் கண்ணாடி என் தையல் மெஷின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டு டப்பாவும் அடுக்களை மேடையிலேயே இருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தேன்.

விசாரணை அறை நான் நினைத்த மாதிரி பெரிதாக இல்லை. ஒரு வகுப்பறை அளவுதான். முன்னால் நீள மேசை, அதன் பின்னே நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு நடுவரம்மா. பக்கவாட்டில் கம்பெனி வக்கீல். நடுவில் சாட்சி நாற்காலி, அதை ஒட்டி இன்னொரு நாற்காலியில் என் மருமகள். நான் கண்ணாடியை வாசல் ஊழியரிடம் கொடுத்து அனுப்பினேன். அவள் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள், பின்வரிசையில் என்னைக் கண்டு ஒரு கணம் திருதிருவென்று விழித்தாள். பார்வையாளர் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

சாட்சி நாற்காலியில் இருந்தவர் அட்டைப்பெட்டி ஆலையில் வேலை செய்தவர். நம் ஆள், தமிழ் மட்டும்தான் தெரியும். வலது கையில் இரண்டு விரல் இல்லை. அட்டையை இழுத்து மடிக்கிற மெஷினில் போய்விட்டது. மெஷின் பழுது, சொல்லியும் சரிசெய்யவில்லை, சிக்கின அட்டையை எடுக்கப் போய்த்தான் விரல் போனது என்பது அவர் முறையீடு. மெஷினில் குறையே இல்லை, அவர்தான் அஜாக்கிரதையாகக் கையை விட்டார் என்பது கம்பெனியின் பேச்சு. அவர் சொல்வதை நடுவர் நம்பினால் அவருக்கு நஷ்டஈடும், ஒரு கையால் செய்யக்கூடிய மாற்று வேலையும் கிடைக்கும். நம்பாவிட்டால் பொய்யன் என்ற பேரோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்போதுதான் என் மருமகள் வாயைத் திறந்தாள். அம்மாடி! அவர் தமிழில் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் இவள் ஆங்கிலத்தில் பாதி தாண்டியிருப்பாள். வக்கீல் ஆங்கிலத்தில் கேட்பதை இவள் அவர் காதுக்குத் தமிழாக்குவாள். "என் விரல் போயிடுச்சு" என்று அவர் சொன்னால் இவளும் 'என் விரல்' என்றுதான் ஆங்கிலத்தில் சொன்னாள். வக்கீல் "நான் சொல்றேன், நீங்க பொய் சொல்றீங்க" என்று உறுமினால், இவளும் அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்து, "நான் சொல்றேன், நீங்க பொய் சொல்றீங்க" என்றாள். அடிபட்டவனும் இவள்தான், அடிக்கிறவனும் இவள்தான். அவளுடைய 'நான்' மொத்தமும் மற்றவர்களுக்கு வாடகைக்குப் போயிருந்தது. தனக்காக ஏதாவது கேட்க வேண்டுமென்றால், "மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் கேட்கிறார்" என்று யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். அலமாரிக்குள் கோட்டுகளுக்கு நடுவில் வியர்த்துக் கிடந்த பெண்ணா இது?

வக்கீல் நெக்ளிஜென்ட் என்றும் சொன்னார், நெக்ளிஜிபிள் என்றும் சொன்னார். நான் முன்னால் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். இவள் துளிகூடத் தடுமாறவில்லை. "நீங்க கவனமில்லாம இருந்தீங்க" என்று ஒன்றைச் சொன்னாள். "கையில ஏற்பட்ட பாதிப்பு பொருட்படுத்தற அளவுக்கு இல்ல" என்று மற்றதைச் சொன்னாள். அந்த மனுஷன் தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். எனக்கு அந்த வக்கீலை எழுந்துபோய் நான்கு கேள்வி கேட்கலாமா என்று வந்தது.

பிறகு வக்கீல், மெஷினில் அப்படி என்னதான் கோளாறு என்று கேட்டார்.

"அட்டை ஓயாம சிக்கிக்கும்ங்க. மேஸ்திரிகிட்ட எத்தனையோ தடவை சொல்லியாச்சு" என்றார் அவர்.

இவள் ஆங்கிலத்தில் சொன்னாள். வக்கீல் புன்னகைத்தார். அன்றைக்குக் காலையில் அந்த மெஷினிலிருந்து பெட்டிகள் வந்தனவா என்று கேட்டார். "வந்துச்சுங்க. எப்பவும் போல வண்டி நிறைய போச்சு" என்றார் இவர், வெள்ளந்தியாக. வக்கீல் நடுவரம்மா பக்கம் திரும்பிக் கையை விரித்தார். நிற்காமல் ஒரேயடியாகச் சிக்கிக் கிடந்த மெஷினிலிருந்து வண்டி நிறையப் பெட்டி எப்படி வரும்? சிக்கினது பொய், சிக்கினதை எடுக்கத்தான் கையை விட்டேன் என்பதும் பொய். இவள் அதையும் தமிழில் சொன்னாள். அந்த மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் உள்ளதைத்தானே சொன்னேன்? எங்கம்மா பொய் சொன்னேன்?" என்று இவளைப் பார்த்துக் கேட்டார். இவள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். நடுவரம்மா ஏதோ குறித்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளை விட்டார்.

தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். இவள் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள், வாய்க்குப் போகவில்லை. எனக்கோ பஸ்ஸில் வந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

"கண்ணாடிய மறப்ப, சாப்பாட்ட மறப்ப. ஒருநாள் தலையக் கழட்டி வெச்சுட்டு வரப்போற" என்றேன். ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். "கண்ணுக்கு எதிர்ல தையல் மெஷின்மேல இருக்கு, தெரியலையா?" இன்னொரு வாய். "சாப்பிடும்மா, ஆறிப்போகுது." மென்று முழுங்கிவிட்டு, "பாக்கறவங்க மாமியார் சோறு போடறதில்லன்னு நினைப்பாங்க."

"அத்தை, ஓயாம திட்டாதீங்க, ப்ளீஸ்" என்றாள்.

சொன்னவள் கிளறுவதை நிறுத்திவிட்டாள். கையிலிருந்த ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. என் முகத்தையே வெறித்துப் பார்த்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னடி? என்ன ஆச்சு?"

"ஓயாம" என்றாள் மெதுவாக. "ஓயாம திட்டாதீங்கன்னு சொன்னேன். ஆனா நீங்க நிறுத்தி நிறுத்தித்தானே திட்டினீங்க? நடுவுல சாப்பிட்டீங்க. என்னைச் சாப்பிடச் சொன்னீங்க."

"அதுக்கென்ன இப்ப?"

"அவரும் ஓயாம சிக்கும்னுதான் சொன்னார். நான் கன்டின்யுவஸ்னு சொல்லிட்டேன். விடாம, இடைவெளியே இல்லாம சிக்கிக் கிடக்கும்னு அர்த்தம் போயிடுச்சு. அவர் சொன்னது அது இல்ல. சிக்கும், விடும், திரும்பச் சிக்கும். கன்டின்யுவல்." "இங்கிலீஷ்ல ஒரு ஜோடியும் எனக்குக் குழம்பாது அத்தை. நான் தமிழ்ல தப்பு விட்டுட்டேன். ஓயாமங்கறதை எழுத்துக்கு எழுத்து அர்த்தம் பண்ணிட்டேன்."

வாலில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். அதற்குள் ஒரு மனுஷன் பொய்யன் ஆகிவிட்டான். ஆனால் மாமியார் புத்தி முதலில் வீட்டைத்தான் நினைத்தது. "இப்பப் போய் நான் தப்பா சொன்னேன்னு சொன்னா உன்னை வேலையில வெச்சுப்பாங்களா?"

"தெரியல. காலையிலேர்ந்து நான் சொன்ன எதையும் நம்ப முடியாதுன்னுகூட அந்த வக்கீல் சொல்லலாம்."

"அப்ப பேசாம இரேன்டி. யாருக்குத் தெரியப்போகுது?"

"தான் உள்ளதைத்தான் சொன்னோம்னு அவருக்குத் தெரியுமே அத்தை" என்றாள். டப்பாவை மூடி என் மடியில் வைத்துவிட்டு, முகம் கழுவப் போனாள்.

மறுபடி விசாரணை ஆரம்பித்ததும் அவள் எழுந்து நின்றாள். ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லி, அந்த மனுஷனுக்காகத் தமிழிலும் சொன்னாள்: "மொழிபெயர்ப்பாளர் காலையில ஒரு சொல்லைத் தப்பா மொழிபெயர்த்துட்டாங்க. அதைத் திருத்த அனுமதி கேக்கறாங்க."

வக்கீல் துள்ளி எழுந்தார். இரண்டும் ஒரே வேர், ஒரே அர்த்தம், வாலில் ஓர் எழுத்து மாறினால் என்ன குடிமுழுகிப் போகிறது என்றார். சாப்பாட்டு நேரத்தில் சாட்சியோடு பேசிவைத்துக்கொண்டு வருகிறாரோ என்றார். அதையும் இவளே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. தன்னைத் திட்டுவதைத் தானே கணீரென்று மொழிபெயர்த்தாள். நடுவரம்மா கையமர்த்தினார். அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு நேர் அர்த்தம் என்ன என்று கேட்டார்.

"நேர் அர்த்தம், ஓய்வே இல்லாம" என்றாள் இவள், மறைக்காமல், இரண்டு மொழியிலும்.

வக்கீல், "பார்த்தீர்களா!" என்றார்.

"ஆனா ஜனங்க பேசறப்ப அப்படிச் சொல்றதில்ல. விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப நடக்கறதைத்தான் ஓயாமன்னு சொல்லுவாங்க."

நடுவரம்மா சற்று யோசித்தார். புரியும்படியாக ஓர் உதாரணம் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

இவள் தலையைத் திருப்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். என்னைத்தான். எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது, அடுக்களையில் பாதியில் நிறுத்திய ஜோடியில் அந்த இன்னோர் ஆள் யாரென்று. அடிப்பாவி!

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் விடாம இரையும். ராத்திரி பகல் நிக்கவே நிக்காது. அது கன்டின்யுவஸ்" என்றாள். "மொழிபெயர்ப்பாளரோட மாமியார் ஓயாம குறை சொல்லுவாங்க. அது கன்டின்யுவல். ஏன்னா நடுவுல நிறுத்துவாங்க." அதற்குமேல் அவளுக்கு மூன்றாம் மனுஷியாகப் பேச வரவில்லை போலிருக்கிறது. "எங்க அத்தை நிறுத்தற அந்த நேரத்துலதான் எனக்கு ஜுரம் வந்தா நெத்தியத் தொட்டுப் பாப்பாங்க. என் கிழிஞ்ச துணிய எனக்குத் தெரியாம தெச்சு வெப்பாங்க. இன்னிக்கு என் கண்ணாடிய எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வந்திருக்காங்க. அந்த இடைவெளி இல்லன்னா நான் அந்த வீட்டுல இருந்திருக்கவே மாட்டேன். இடைவெளி இருக்கறதாலதான் நம்பி இருக்கேன்."

காலையிலிருந்து ஊரார் அத்தனை பேருடைய 'நான்' எல்லாம் சொன்னவள், முதல்முறையாகத் தன் 'நான்' சொன்னாள். அதில் நான் இருந்தேன். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, மடியிலிருந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

அட்டைப்பெட்டிக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அதேதாம்மா! அதேதான்! சிக்கும், விட்டுடும், நல்லா ஓடும். பெட்டியும் வரும். திரும்பச் சிக்கும். அப்படியே அடைச்சுக் கெடந்தா மேஸ்திரியக் கூப்பிட்டிருப்பேனே, நான் ஏன் கைய விடப்போறேன்? சிக்கினா திரும்ப ஓடறதுக்குள்ள எப்பவும் கொஞ்ச நேரம் கிடைக்கும், அதை நம்பித்தாங்க கைய விட்டேன். அன்னிக்கு என் கை உள்ள இருக்கறப்பவே ஓடிடுச்சு."

இவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். 'என் கை' என்ற இடத்திலும் நிற்காமல் சொல்லி முடித்தாள். நடுவரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வக்கீல் மேலும் எதையெதையோ கேட்டார். எல்லாவற்றுக்கும் அந்த மனுஷனுடைய பதில் இப்போது ஒன்றோடொன்று ஒட்டியது.

சாயங்காலம் நடுவரம்மா முடிவைச் சொன்னார். வரிவரியாக அதைத் தமிழாக்கியதும் இவள்தான். "சாட்சி சொன்னதுல முரண்பாடு இல்ல. அவர் சொன்னது நம்பத் தகுந்தது." அந்த மனுஷன் நஷ்டஈடு பற்றிச் சொன்னதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. "நம்பத் தகுந்ததுன்னா சொன்னாங்க? நம்பிட்டாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் நடுவரம்மா இவளையும் பார்த்து ஏதோ சொன்னார். அதை மட்டும் இவள் தமிழில் சொல்லவில்லை. காது மடல் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள். பின்னால் வாசல் ஊழியர்தான் எனக்குச் சொன்னார்: இந்த மன்றத்துக்கு இப்படிப்பட்ட மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும் என்றாராம். வேலையும் நிரந்தரமானது.

வெளியே வந்தபோது அந்த மனுஷன் தாழ்வாரத்தில் காத்திருந்தார். விரல் இல்லாத கையையும் இருக்கிற கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார். "நீங்கதானே அந்த ஓயாத மாமியார்? நல்லாருப்பீங்கம்மா. ஓயாம திட்டுங்க" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, மூக்குதான் ஒழுகியது.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. என்ன பேசுவது? அவள் அடிக்கடி என் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கள் தெரு நெருங்கும்போது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கோவமா அத்தை? நாலு பேர் முன்னாடி அப்படிச் சொல்லிட்டேன்னு? ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேங்கறீங்க."

"கோவமெல்லாம் இல்ல" என்றேன். "நடுவுல நிறுத்தியிருக்கேன்."

அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கண்ணாடியின் விளிம்பு என் தோளில் குத்தியது. கழற்றி எங்காவது வைக்கச் சொன்னால் அங்கேயே விட்டுவிடுவாள் என்று, நானே மெல்லக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன்.